இருபத்தேழாம் துண்டு

பேசின் பிரிட்ஜ் சலவைக் கூடத்தில்
ஏ.சி. பெட்டிக் கம்பளிகளை எண்ணி மடிப்பது என் வேலை.
ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே
சென்ட்ரல் வந்திறங்கிய யாரோ ஒருவர்
ஒவ்வொரு மடிப்பிலும் இருக்கிறார்.

மார்கழியிலும் ஃபேன் ஓடுகிற புளியந்தோப்பில்
கம்பளியைத் தொட்டுப் பிழைக்கிறவள் நான்.
அதற்கு வைத்தியம் பார்க்கிறவள் ஹெப்சிபா.
வேறு யாருக்கும் அது தேவையில்லை.

மொட்டைமாடியில் தகரக் கூரைக்கடியில் அவள் ஆராய்ச்சி:
இட்லிக் குண்டான், மீன்தொட்டி மோட்டார்,
மூர் மார்க்கெட்டில் பேரம் பேசிய மைக்ராஸ்கோப்.
முதல் நாள் அதில் ஒற்றை மயிரை வைத்துக் காட்டினாள்.
காசிமேட்டுக் கொடுவா மாதிரி
உடம்பெல்லாம் செதில்.
"ஆஞ்சிட வேண்டிதுதானே?" என்றேன்.
"ஆயலாம். அந்த சைஸுக்குக் கத்தி?"

கத்தியின் பேர் நொதி.
மாதவரத்தில் தோல் கிடங்குக்குப் பின்னால்
ஹார்லிக்ஸ் பாட்டிலில் அள்ளி வந்த சேற்றில்
ஒரு கிருமி அதைக் கக்குகிறதாம்.
வெளியூரில் இந்தத் தொட்டியைச் சூடாக்கவே
கரண்டு பில் எகிறுமாம்.
எங்களுக்குத் தகரம் போதும்.
பன்னிரண்டு மணிக்கு நாற்பது டிகிரி,
மூன்றுக்கு நாற்பத்திரண்டு,
அதற்குமேல் போனால் ஈரச் சாக்கு.

முதல் ஆறு துண்டும் கஞ்சி.
செதிலைத் தின்ற வாய்
இண்டு வழியாக உள்ளே நுழைந்து
நடுத்தண்டையும் தின்றுவிட்டது.
எட்டாவது பார்க்க அழகு, இழுத்தால் அப்பளம்.
பதினொன்று என் கழுத்தில் தடித்துச் சிவந்தது.
காலமைன் தடவிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனேன்.

ஆமாம், கருவி என் கழுத்துதான்.
காதுக்குக் கீழே துண்டை வைத்து அழுத்தி
பத்து எண்ணுவாள், நான் மார்க் போடுவேன்.
கத்திரி வெயிலில்.
கீழ்வீட்டு ரோஸ்லின் துணி காயப்போட வந்தவள்
பக்கெட்டோடு திரும்பிப் போனாள்.

பீரோவை மாடிக்கு ஏற்றும்போது
படி வளைவில் சிக்கியதைப் பார்த்துத்தான்
அவளுக்கு யோசனை வந்தது என்று எழுத ஆசை.
அப்படியெல்லாம் நடக்கவில்லை. நாலு மாசம்
படித்தாள், திட்டு வாங்கினாள், வாடகை பாக்கி வைத்தாள்.
கடைசியில் நொதிக்கு ஒரு மூட்டையைக் கட்டிவிட்டாள்.
உடம்பு பெருத்துப்போய்
இண்டுக்குள் நுழைய முடியாமல்
வாசலில் நின்றே தின்னும்படி.
பீரோ நான் சொல்கிற உதாரணம்.

இருபத்தேழு.
கண்ணை மூடிக் கழுத்தை நீட்டிக் காத்திருந்தேன்.
கூட்ஸ் வண்டி ஒன்று கடந்து போனது.
"இன்னும் வெக்கலியா?" என்றேன்.
"வெச்சு எவ்ளோ நேரமாச்சு."

ஹெப்சிபா துள்ளவில்லை.
நோட்டில் மணியைக் குறித்தாள். பேனாவை மூட மறந்தாள்.

துண்டை உள்பாடியில் மறைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோய்
பெரிய மெஷினில் நாற்பது தடவை போட்டேன்.
சாணளவு போனது, சாணளவே வந்தது.
கண்ட்ராக்டரிடம் நீட்டினோம்.
கன்னத்தில் வைத்துப் பார்த்தார்,
ஒரு நிமிஷம் கண்கூட மூடினார்.
பிறகு சொன்னார்:
"இவ்ளோ மெத்துனு இருந்தா
எவன் திருப்பிக் குடுப்பான்?
கடிக்கிறதாலதான் வண்டியோட திரும்பி வருது."

மேம்பாலம் வரை இரண்டு பேரும் பேசவில்லை.
அங்கே அவளுக்குச் சிரிப்பு வந்தது.
ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

இப்போது இருபத்தெட்டு ஊறுகிறது,
ஒரு பக்கம் மட்டும்.
தொட்டுப் பார்க்கிற கைக்கு முன்பக்கம் பழையபடி கடிக்கும்,
தூங்குகிறவர் பக்கம் கடிக்காது.

வைக்கும்போது மாற்றி வைத்துவிடாதே என்று
மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.